தாமிரபரணியில் மாணவர்களோடு கயாக்: நகரத்து ஆற்றைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளை, திருநெல்வேலி நகரத்துக்குள் ஓடும் தாமிரபரணியில் கயாக்கில் (துடுப்புப் போடும் சிறு படகில்) அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை வெறும் உல்லாசப் பயணமாக முடிந்தது. பிள்ளைகள் துடுப்புப் போட்டார்கள், நனைந்தார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். மறுநாள் வகுப்பில் "ஆத்துல என்ன பாத்தீங்க?" என்று கேட்டால் "ஜாலியா இருந்துச்சு சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. படகை முதலிலும் பாடத்தைப் பிறகும் வைத்தது நான்தான். கீழே உள்ள வரிசை அந்தத் தவறிலிருந்து வந்தது. முடிந்தவரை வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி

நம் ஊரில் வீடுகளும் கடைகளும் ஆற்றுக்கு முதுகைக் காட்டியே நிற்கின்றன. சாலையிலிருந்து பார்த்தால் பாலத்தின் மேல் நிற்கும் அரை நிமிடம்தான் ஆறு தெரியும். சாக்கடைகள் ஆற்றில் கலக்கும் இடங்கள் நாணலுக்கும் சீமைக் கருவேலத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். தண்ணீருக்குள் உட்கார்ந்து கரையைப் பார்த்தால்தான் அவை கண்ணில் படும். கயாக் தேவைப்படுவது இதற்காகத்தான்.

எனவே கேள்வியும் அதை ஒட்டியே இருக்கட்டும்: நகரத்துக்குள் நுழைகிற தண்ணீருக்கும் நகரத்தை விட்டுப் போகிற தண்ணீருக்கும் என்ன வித்தியாசம், அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது? இந்த ஒன்று போதும். பறவை, மீன், குப்பை, கோயில், வெள்ளம் என்று ஐந்து கேள்விகளோடு போனால் ஐந்திலும் அரைகுறையாகத் திரும்புவீர்கள். கேள்வியைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கரும்பலகையில் எழுதி அழிக்காமல் விடுங்கள். பிள்ளைகள் தங்கள் ஊகத்தை நோட்டில் எழுதித் தேதி போடட்டும். பிறகு அதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

2. நாள் குறிப்பது

தை அமாவாசை கழிந்த பிறகு, மாசி பாதிக்குள் ஒரு நாளைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். பிசான நெல் சாகுபடிக்கு அணையில் திறந்த தண்ணீர் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைத்தே பார்க்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் இந்த ஆறு என்ன செய்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் பாறையும் மணலுமாகக் கிடக்கும், கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். தைப்பூசம், அமாவாசை நாட்களில் படித்துறைகளில் கூட்டம் நெரியும். அன்றைக்கு நாம் போவது குளிக்க வருகிறவர்களுக்கும் இடைஞ்சல்.

குறித்த நாளுக்கு முந்தைய மூன்று நாட்களும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் வெளியேற்றமும் நாளிதழில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். வெளியேற்றம் திடீரென்று ஏறியிருந்தாலோ மலையில் மழை என்று கேள்விப்பட்டாலோ தயங்காமல் தள்ளிவையுங்கள். இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே மேலே பெய்த தண்ணீர் வந்து சேரும்.

நேரம், காலை. ஆறரைக்குக் கரையில் கூடி, ஏழேகாலுக்குத் தண்ணீரில் இறங்கி, ஒன்பதரைக்குள் ஏறிவிட வேண்டும். வெயில் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது, நான் சூடுபட்டுக் கற்றது. அதை 10-ம் பகுதியில் சொல்கிறேன்.

3. ஒரு வாரம் முன்பு கரையோரமாக நடந்து பார்ப்பது

எல்லோரும் தாவிவிடுகிற படி இதுதான். வரைபடத்தில் பார்த்தாயிற்று, அப்புறம் எதற்கு நடப்பது என்று தோன்றும். வரைபடத்தில் கசம் தெரியாது.

மணல் அள்ளிய இடங்களில் ஆற்றுக்குள் ஆளை விழுங்கும் பள்ளங்கள் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவான். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பள்ளம் இடம் மாறும் என்பதால் போன வருடக் குறிப்பு இந்த வருடம் உதவாது. தினமும் அங்கேயே குளிப்பவர்களையும் துணி வெளுப்பவர்களையும் கேளுங்கள். நான் கேட்டபோது படித்துறையில் வேட்டி பிழிந்துகொண்டிருந்த பெரியவர் கையை நீட்டினார்: "இந்தா, அந்தப் பாறை தெரியுதுல்லா, அதுக்குக் கிழக்க போகாதீய. போன வெள்ளத்துல அங்கன கசம் விழுந்து கெடக்கு." "ரொம்ப ஆழமா அண்ணாச்சி?" என்றேன். "கம்பு விட்டுப் பாருங்க, ஒங்களுக்கே தெரியும்" என்றார். எட்டடி மூங்கில் கம்பு முழுதாக உள்ளே போனது.

நடக்கும்போது ஒரு நோட்டில் படம் போடுங்கள். நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றால் இடது கை இடக்கரை, வலது கை வலக்கரை. டவுனும் ஜங்ஷனும் இடக்கரை, மேலப்பாளையமும் பாளையங்கோட்டையும் வலக்கரை. இதை முதலிலேயே ஒரே மாதிரி வைத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளைகளின் குறிப்புகள் பாதி தலைகீழாக இருக்கும்.

படத்தில் குறிக்க வேண்டியவை: வண்டி வந்து நிற்கக்கூடிய படித்துறைகள், கசங்கள், பாறைத் தொடர்கள், தண்ணீர் ஒரு சாணுக்குக் கீழே இறங்கும் இடங்கள், சாக்கடைகள் கலக்கும் இடங்கள், அமலைச் செடி (ஆகாயத்தாமரை) அடைத்துக் கிடக்கும் ஓரங்கள், பாலத் தூண்கள். அவசரத்துக்குக் கரையேறும் இடம் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். அது இல்லாத பகுதியைப் பயணத்திலிருந்து வெட்டிவிடுங்கள்.

குறுக்குத்துறையில் தொடங்கி, கொக்கிரகுளம், சுலோசனா முதலியார் பாலம் தாண்டி, வண்ணார்பேட்டை - சிந்துபூந்துறைப் பக்கம் முடிப்பது எங்கள் கேள்விக்குப் பொருந்துகிற பாதை. நகரத்தின் அடர்த்தியான பகுதியை ஆறு அங்கேதான் கடக்கிறது. ஒரே மூச்சில் போக முடியாது. நடுவில் இறங்கி இழுக்க வேண்டிய இடங்கள் வரும். அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

ஒரு விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. சுத்தமல்லியானாலும் மருதூரானாலும், அணைக்கட்டுப் பக்கம் கயாக்கோடு போகக்கூடாது. தண்ணீர் வழிந்து விழும் இடத்தில் அடியில் சுருண்டு பின்னோக்கி இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் அது வெளியே விடாது. மேலிருந்து பார்க்க அமைதியாக இருப்பதுதான் அதன் ஆபத்து. சின்னத் தடுப்பணைக்கும் இதே விதிதான்.

4. அனுமதியும் பெற்றோர் கடிதமும்

மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, நீர்வளத் துறைக்கும் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் நகல் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதே கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில். விண்ணப்பத்தோடு உங்கள் கையால் வரைந்த படத்தை இணையுங்கள். எங்கே இறங்கி எங்கே ஏறுகிறோம், எத்தனை பேர், எத்தனை படகு என்பது அதில் இருந்தால் கேள்விகள் பாதியாகக் குறையும். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். அனுமதி வராவிட்டால் கரை நடையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

பெற்றோர் கடிதத்தில் "ஆற்றுக்குக் கல்விச் சுற்றுலா" என்று மழுப்பாதீர்கள். படகில் போவது, தண்ணீரில் விழ வாய்ப்பு உண்டு என்பது, அந்தத் தண்ணீரில் கழிவுநீர் கலந்திருப்பது மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, தோலில் ஆறாத புண் உண்டா என்று கேளுங்கள். புண் இருக்கும் பிள்ளை கரைக் குழுவில் சேரட்டும். கழிவுநீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றுவது பெரும்பாலும் தோல் வெடிப்பின் வழியேதான்.

5. என்னென்ன வேண்டும்

கயாக்: மேலே உட்கார்ந்து ஓட்டும் இரண்டு இருக்கைப் பிளாஸ்டிக் வகை. உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை புதியவர்களுக்கு வேண்டாம். கவிழ்ந்தால் வெளியே வரத் தெரிய வேண்டும். காற்றடைக்கும் வகை நம் பாறைகளுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் தாங்காது. எங்களுக்குக் கடற்கரைப் பக்கமிருந்து வாடகைக்கு வந்தது. ஓட்டத் தெரிந்தவர் கூடவே வந்தால்தான் எடுங்கள்.

ஒரு தடவைக்கு நான்கு கயாக்கில் எட்டுப் பிள்ளைகள், முன்னும் பின்னும் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் வீதம் தனிப் படகில். நாற்பது பேரை ஒரே சமயத்தில் இறக்க ஆசைப்படாதீர்கள். மீதிப் பேருக்குக் கரையில் நிறைய வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவர் எடைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேலே ஏறினால் அது பெரிது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன். விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

காலுக்குப் பின்பட்டை உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு முதல் சேற்றிலேயே போய்விடும், வெறுங்காலுக்கு உடைந்த பாட்டில் காத்திருக்கும். பதினைந்து மீட்டர் எறிகயிறு இரண்டு, விசில், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு ஒரு லிட்டர் வீட்டுக் குடிநீர், சோப்பு, கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர். சேலை வெட்ட ஒரு கத்தரிக்கோல். ஆம், சேலைதான். ஆற்றில் விட்ட துணிகள் பாறை இடுக்கில் சிக்கி, தண்ணீருக்கு அடியில் கொடிபோல நீண்டு கிடக்கும். துடுப்பில் சுற்றிக்கொண்டால் கையால் எடுக்க முடியாது.

சோதனைக்கு: அமில, காரத் தன்மை காட்டும் பிஎச் தாள், வெப்பமானி, கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் களப்பெட்டி, மலக்கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகள், நீரின் கலங்கலை அளக்க அடியில் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டிய கண்ணாடிபோன்ற நீளக் குழாய், கையுறை, ஒரே அளவுப் பாட்டில்கள், அழியாத பேனா.

6. ஒத்திகை: ஒன்று வகுப்பில், ஒன்று தண்ணீரில்

சோதனைகளை வகுப்பறையில் குழாய்த் தண்ணீரை வைத்து ஒரு முறை செய்து பழக்குங்கள். ஆற்றில் வைத்துக் கற்றுக்கொடுத்தால் பாட்டில் கவிழும், கைக்குறிப்பு நனையும். குறிப்பாக ஆக்சிஜன் சோதனை. பாட்டிலைத் தண்ணீருக்குள் முழுக வைத்து, காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூட வேண்டும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்துவிடும். மருந்துகளை ஊற்றியதும் பழுப்பாக வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே இருந்தால் ஏறக்குறைய இல்லை. எண் கிடைப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற இந்த நிறத்தைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அடுத்த படியில் அமிலம் வருகிறது. அதை ஆசிரியர் மட்டும், கரையில், கண்ணாடி போட்டுச் செய்யுங்கள்.

தண்ணீர் ஒத்திகை, இடுப்பளவு அசையாத் தண்ணீரில். ஒவ்வொரு பிள்ளையும் ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே ஒரு முறை விழ வேண்டும். விழுந்ததும் மல்லாந்து, கால்களை நீர் போகும் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டினால் நீர் ஆளை முன்னால் தள்ளிக் கவிழ்க்கும். நீச்சல் தெரிந்த பையன்கள்தான் இதில் தவறுகிறார்கள். அவர்களுக்கு நிற்கத்தான் தோன்றும். பாறையோ தூணோ எதிரே வந்து படகு மோதப் போகிறது என்றால் அதன் பக்கமாகச் சாய வேண்டும். விலகிச் சாய்ந்தால் மேல்பக்கத் தண்ணீர் படகுக்குள் ஏறிக் கவிழ்க்கும். மனசு சொல்வதற்கு நேர் எதிரானது இது, அதனால் பத்துத் தடவை செய்துபார்க்க வேண்டும்.

7. அன்றைக்குக் காலை: முதல் பாட்டில் ஊருக்கு மேலே

படகை இறக்குவதற்கு முன் ஒப்பீட்டுக்கான தண்ணீரை எடுங்கள். குறுக்குத்துறைக் கோயிலுக்கு மேலே, குளிப்பவர்கள் இல்லாத ஓடும் நீரில். நகரத்தின் தண்ணீர் எவ்வளவு கெட்டது என்று சொல்ல, கெடாத ஒன்று கையில் வேண்டும். இதை மறந்துவிட்டுக் கீழே வந்து மூன்று இடத்தில் சோதனை செய்த குழுவிடம் மூன்று எண்கள் இருந்தன. எதோடு ஒப்பிட என்றுதான் தெரியவில்லை.

பாட்டிலில் எழுத வேண்டியவை: இடம், கரை, மணி, எடுத்தவர் பெயர். பேனாவால் பாட்டில் மேல் எழுதுங்கள், மூடி மேல் வேண்டாம். மூடிகள் மாறிவிடும்.

8. தண்ணீரில் போகும் ஒழுங்கு

முன் படகு பாதை பார்க்கும், பின் படகு யாரையும் தனக்குப் பின்னால் விடாது. நடுவில் இரண்டு படகு நீள இடைவெளி. ஒரு விசில் என்றால் நில், மூன்று என்றால் இடக்கரைக்கு வா. பாலத் தூண்களுக்கு அடியில் நீர் அரித்த பள்ளமும் சுழியும் இருக்கும், கிளைகளும் துணிகளும் சிக்கியிருக்கும். பாலத்தின் கண்களுக்கு (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட திறப்புக்கு) நடுவே நேராகப் போங்கள், தூணைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

படித்துறையில் பெண்கள் குளிக்கும் நேரம் அது. எதிர்க்கரையை ஒட்டி, பேச்சைக் குறைத்துக் கடந்து போங்கள். கேமராவும் செல்போனும் பையில் இருக்கட்டும். இது மரியாதைக்காக மட்டுமல்ல. ஒருவர் முகம் சுளித்தால் அடுத்த வருடம் அந்தத் துறையில் நமக்கு இடமில்லை.

ஒவ்வொரு படகிலும் முன்னால் இருப்பவர் பார்ப்பவர், பின்னால் இருப்பவர் துடுப்புக்காரர். பாதி வழியில் மாறிக்கொள்ளட்டும். இருவருமே துடுப்புப் போட்டால் இருவருமே பார்க்க மாட்டார்கள்.

9. சாக்கடை கலக்கும் இடம்

பயணத்தின் சாரம் இங்கேதான், எனவே அவசரப்படாதீர்கள். என் கணக்கில் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இங்கே போகலாம்.

சாக்கடை ஆற்றில் விழுந்த உடனே கலந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் கரையை ஒட்டியே நெடுந்தூரம் ஓடும். நல்ல தண்ணீர் பக்கத்திலேயே தனியாக ஓடும். நடுவே ஒரு கோடு. கோட்டின் மேல் நுரையும், ஷாம்பூ பாக்கெட்டும், அமலைத் துண்டும் வரிசையாக மிதந்துபோகும். பாலத்தின் மேலிருந்து பார்த்தால் இது வெறும் நிழல்.

இரண்டு கயாக்குகளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என நிறுத்துங்கள். முதலில் சோதனை எதுவும் வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் துடுப்பைப் போட்டுக் கோட்டைத் தாண்டினான், திரும்பி வந்தான், மறுபடி தாண்டினான். "சார், இந்தப் பக்கம் நாறுது, அந்தப் பக்கம் நாறல!" அவன் படகின் நீளம்கூட இல்லை அந்த இடைவெளி. நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அது ஏறியிருக்காது.

பிறகு மாதிரி எடுங்கள், மூன்று இடத்தில்: கலக்கும் இடத்துக்கு இருபது மீட்டர் மேலே, கோட்டுக்கு உள்ளே கரைப் பக்கம், கோட்டுக்கு வெளியே ஆற்றின் நடுப்பக்கம். நடு ஆற்றில் மட்டும் எடுத்தால் "ஆறு சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று வரும். சாக்கடை விழும் வாயிலேயே எடுத்தால் அது சாக்கடையின் கணக்கு, ஆற்றின் கணக்கு அல்ல. ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, படகுக்கு மேல்பக்கத்தில் பாட்டிலை நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் துடுப்பு கிளப்பிய சேறு பாட்டிலில் வரும். கையுறை கட்டாயம். சாக்கடைக் குழாய்க்கு நேர் கீழே படகு போகக் கூடாது.

அமலைச் செடியைப் பார்த்ததும் "இதுதான் ஆற்றைக் கெடுக்கிறது" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்று படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். ஓட்டம் குறைந்து, கழிவுநீர் தேங்கும் ஓரங்களில்தான் அது செழிக்கும், ஏனென்றால் அதற்குத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் அங்கே கிடைக்கிறது. காரணம் எது, விளைவு எது என்று அவர்களே சண்டை போடட்டும். செடிக்குள் படகை நுழைக்காதீர்கள், மாட்டிக்கொள்ளும். உள்ளே தண்ணிப்பாம்பு இருந்தால் அது கடித்தாலும் விஷமில்லை. ஆனால் பயத்தில் எழுந்து நிற்கும் பிள்ளை படகைக் கவிழ்த்துவிடும்.

10. கரைக் குழு: ஓட்டமும் உயிர்களும்

படகில் இல்லாதவர்கள் சும்மா உட்கார வேண்டியதில்லை. நேராக ஓடும் ஓர் இடத்தில் கரையில் இருபது மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று மேலே ஆரஞ்சுப் பழத்தை எறிந்து, இரண்டு குச்சிகளுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பாருங்கள். ஏன் ஆரஞ்சு? பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. ஐந்து முறை எறிந்து சராசரி எடுங்கள்.

உதாரணம்: இருபது மீட்டருக்கு 40 நொடி என்றால் வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். மேற்பரப்பு நீர் அடி நீரைவிட வேகமாகப் போகும் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும், 0.425. அகலம் 30 மீட்டர், சராசரி ஆழம் 0.8 மீட்டர் என்றால் நொடிக்கு 10.2 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 35.3 கன அடி, எனவே சுமார் 360 கன அடி. ஆழத்தை அளப்பவர் படகில் இருந்தபடி குறி போட்ட கம்பால் அளக்கட்டும், நடந்துபோய் வேண்டாம். கசத்தை மறக்காதீர்கள்.

இந்த எண்ணை அன்றைய நாளிதழில் வந்த அணை வெளியேற்றத்தோடு பக்கத்தில் வையுங்கள். பொருந்தாது. "எங்க சார் போச்சு மிச்சத் தண்ணி?" என்று ஒருவராவது கேட்பார். அப்போது சொல்லுங்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி என்று ஆறு அணைக்கட்டுகளில் கால்வாய்கள் தண்ணீரைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் ஆறு ஊருக்குள் வருகிறது. மேலப்பாளையம் வழியே போகும் பாளையங்கால்வாயும், டவுன் பக்கம் போகும் நெல்லைக் கால்வாயும் அப்படிப் பிரிந்தவைதான். சாக்கடை அதே அளவு, ஆற்று நீர் குறைவு என்றால் என்ன ஆகும் என்று அவர்களே முடிப்பார்கள்.

உயிர்களுக்கு: கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள், பிறகு இருந்தபடியே வையுங்கள். தட்டாம்பூச்சியின் இளம்புழு மேல் இடத்தில் அகப்படலாம். சாக்கடைப் பக்கச் சேற்றில் இரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் இருக்கும். ஆக்சிஜன் குறைவான இடத்தில் தாக்குப்பிடிக்க உதவும் நிறமிதான் அந்தச் சிவப்பு. பறவைகளில் நீர்க்காகம், மீன்கொத்தி, கொக்கு எத்தனை என்று எண்ணினால் போதும். கழிவுநீர் ஓரத்தில்தான் கொக்கு அதிகம் என்று எண் வந்தால் திகைக்க வேண்டாம். கொக்குக்குத் தேவை இரை, சுத்தமான ஆறு அல்ல.

சரி, காலை நேரத்தின் காரணத்துக்கு வருகிறேன். இரண்டாவது முறை வாடகை வண்டி தாமதமாக வந்ததால் மாதிரி எடுக்கும்போது மதியம் இரண்டு மணி. பச்சைப் பாசி படர்ந்த தேங்கல் நீரில் கரைந்த ஆக்சிஜன், ஊருக்கு மேலே எடுத்ததைவிட அதிகமாக வந்தது. பிள்ளைகள் குழம்பினார்கள், நான் அவர்களுக்கு மேல் குழம்பினேன். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிட்டு நீரை நிரப்பிவிடுகிறது. இரவு முழுக்க அதே பாசியும் கிருமிகளும் அதைத் தின்று தீர்க்கின்றன. மீன் செத்து மிதப்பது விடியலில்தான். எல்லா இடத்திலும் காலையில், ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

11. கரையேறியதும்

சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டு முழங்கை வரை. பொட்டலத்தைப் பிரித்த கையோடு "சார், கழுவிட்டேன்" என்பவனை நம்பாதீர்கள், குடத்தருகே நீங்களே நில்லுங்கள். கீறல் பட்டவர்களை அங்கேயே கழுவி மருந்து போட்டு, பெயரை எழுதிவையுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லும்படி பெற்றோருக்குச் செய்தி அனுப்புங்கள். தலை எண்ணிக்கை கரையில் ஒன்று, வண்டியில் ஒன்று.

12. எண்களைப் படிப்பது

மறுநாளே செய்யுங்கள், ஒரு வாரம் தள்ளினால் மணம் போய்விடும். குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவுகளைப் பலகையில் எழுதுங்கள்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஎச் 6.5 முதல் 8.5 வரை, உயிரிய ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கடைசிச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், அதை விட்டுவிட்டு முதல் இரண்டையும் பாருங்கள்.

இங்கே வருகிற பெரிய தவறு டிடிஎஸ். வீட்டுக்கு வடிகட்டி விற்க வருபவர் அந்த மீட்டரைத்தான் நீட்டிக் காட்டுவார், அதனால் பிள்ளைகளுக்கு அது வேதவாக்கு. எண் குறைந்தால் நல்ல தண்ணீர் என்பார்கள். அது கரைந்த உப்புகளை மட்டும்தான் ஓரளவு சொல்லும், மலக்கிருமியைச் சொல்லாது. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். டிடிஎஸ் குறைவாகக் காட்டிய இடத்திலும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி ஒன்று நிரப்பி, மற்றவற்றோடு ஆய்வக அலமாரியில் வையுங்கள். அறை வெப்பத்திலேயே ஒன்று அல்லது இரண்டு நாளில், மலக்கிருமி கலந்த நீர் மையாகக் கறுக்கும். அப்போது படித்துறைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்த குழு தங்கள் மீட்டர் எண்ணையும் குப்பியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

குப்பிகளைத் திறக்க விடாதீர்கள். பார்த்து முடித்ததும் கையுறை போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, ஆசிரியரே கழிவறையில் கொட்டுங்கள். சாக்கடையில் வேண்டாம், அது எங்கே போகிறது என்று இப்போது பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிறகு முதல் நாள் எழுதிய ஊகத்தை எடுக்கச் சொல்லுங்கள். அதன் கீழேயே அளந்த எண்கள், எடுத்த மணி, நின்ற படித்துறையின் பெயர், எந்தக் கரை. அடுத்த மாசியில் இன்னொரு வகுப்பு அதே படியில், அதே மணிக்கு வந்து நிற்க அவ்வளவும் வேண்டும்.